தாமரை பார்

அஜ்மானில் நான் வெயிட்டராக இருந்த ஓட்டலின் பாருக்கு 2003 வரை பெயரே கிடையாது. 'கீழ் பார்' என்போம். அந்த வருடம் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது ஒரு பெயர் எழுதியாக வேண்டும் என்றார்கள். முதலாளி, வெயிட்டர்களை மேய்க்கும் எங்கள் கேப்டன் அம்மையப்பனைக் கேட்டார். அன்று காலைதான் அவருக்குச் சங்கராபுரத்திலிருந்து போன் வந்திருந்தது. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பெண் குழந்தை. தாமரை என்று பெயர் வைக்க முடிவாகியிருந்தது. சந்தோஷத்தில் அதையே சொல்லிவிட்டார். மறுவாரமே பச்சை விளக்கில் பலகை ஏறியது.

"குடிக்கிற எடத்துக்கா எம்புள்ள பேரு?" என்று அவர் மனைவி பானுமதி ஒரு மாதம் பேசவில்லை.

மகளோடு அவர் இருந்தது ஒரே ஒரு லீவு, இருபத்தெட்டு நாள். "மாமான்னு கூப்புடுறாடா" என்று திரும்பி வந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

2006 மழைக்காலத்தில் தாமரைக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் போய்விட்டாள். அவர் பாஸ்போர்ட் ஓட்டல் ஆபீஸில் இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, அங்கே வார விடுமுறை, ஆபீஸ் பூட்டு. அவர் போய்ச் சேர்வதற்குள் புதைத்துவிட்டார்கள்.

பத்து நாளில் டியூட்டிக்கு வந்தார். வந்தவரால் அந்தப் பெயரிலிருந்து தப்ப முடியவில்லை. "சாயங்காலம் தாமரைக்குப் போலாமா?", "நேத்து தாமரையில செம ஆட்டம்" என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பெயரை மாற்றச் சொல்லி முதலாளியிடம் கெஞ்சினார்.

"லைசென்ஸே அந்தப் பேர்லதானய்யா இருக்கு."

ஒரு நாள் அல் கூஸிலிருந்து வந்த கிரேன் டிரைவர் ஒருவன் காலி மேசைகளைப் பார்த்துவிட்டு, "தாமரை செத்துப்போச்சுப்பா" என்றான்.

அம்மையப்பன் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு அவனிடம் போனார். அடிக்கப்போகிறார் என்று நான் ஓடினேன். அவர் குனிந்து, "அப்படிச் சொல்லாதீங்க தம்பி" என்றார்.

மறுநாள் வேலையை விட்டார். ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் சூளைப் பக்கம் வேலை கிடைத்தது. மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். இளைத்திருந்தார். பாரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அண்ணி பேசுறாங்களாண்ணே?"

"தெனமும் பேசுறா. மழை, மாடு, பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம் சொல்லுவா. புள்ள பேர மட்டும் ரெண்டு பேரும் எடுக்கறதில்ல."

அவர் தங்கியிருந்த கேம்ப் வாசலுக்கு நான் திரும்ப வேண்டிய பஸ் வந்தது. "ஏறு, ஏறு" என்று என் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.