மூன்றாவது கணவர்

கில்வர்னா ஊரின் பழைய தேவாலயத்துக்குக் கூரை போய் முந்நூறு ஆண்டாகியும், அதற்குள் இடம் பிடிக்கிற சண்டை மட்டும் ஓயவில்லை. கிழக்கு ஜன்னலுக்குக் கீழே கிடக்கும் பெரிய கல்லறைக் கல் தன் குடும்பத்தினுடையது என்று நாற்பது வருடமாகச் சொல்லிவந்தார் மலக்கி கஃப். பாசிக்கு வெளியே தெரிந்தது 'கஃப்' என்ற ஒரே சொல். அதை வைத்தே ஒரு பிரபுவையும் இரண்டு குதிரைப்படைத் தளபதிகளையும் உண்டாக்கியிருந்தார். அவருக்கு இருந்ததோ இருபது மாடுகள். மனைவி மக்கள் இல்லை. முன்னோர்களாவது தாராளமாக இருக்கட்டுமே.

ஆகஸ்டில், பாதிரியார் வந்து கல்லறைகளை ஆசீர்வதித்து மந்திரிக்கும் ஞாயிறு வந்தது. முந்தின நாள் ஊரே புல் வெட்டத் திரண்டது. மலக்கி கம்பி பிரஷோடு கல்லை நெருங்கினார். தொல்லியல் துறையிலிருந்து வந்திருந்த கிரானியா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அய்யய்யோ, சுரண்டாதீங்க! எழுத்தே போயிடும்."

தண்ணீர் விட்டு மெதுவாகத் துடைத்தாள். பிறகு தேய்ந்த எழுத்தின் நிழல் தெரியும்படி ஒரு கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் கல்லின்மேல் சாய்த்துக் காட்டி, உரக்கப் படித்தாள்.

"'ஹனோரா லாவின், தனக்கும் தன் மூன்று கணவர்களுக்கும் எழுப்பிய கல், 1764.' மூணாவது பேரு பீலிம் கஃப். 'என் மாட்டுக்காரன்'னு போட்டிருக்கு."

பக்கத்துப் பண்ணை பிரீடா லாவின் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். இப்படியொரு நாளுக்கு இரண்டு கையும் வேண்டும்.

"அடேயப்பா! இத்தனை வருஷமா எங்க வீட்டு மாப்பிள்ளையைத்தான் பிரபுன்னு சொல்லிக்கிட்டிருந்தியா மலக்கி?"

"எழுதப் படிக்கத் தெரியாதவன் எவனோ வெட்டியிருக்கான்."

"தெரியாதவனா மூணு புருஷனையும் வரிசை மாறாம வெட்டினான்?"

மலக்கி வீட்டுக்குப் போனார். பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் தட்டிலேயே ஆறின. தளபதிகள் இருவரும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்ட வீடு பெரிதாகத் தெரிந்தது.

ஞாயிறன்று போகாவிட்டால் இன்னும் பேசுவார்கள் என்று போய், வாசலிலேயே நின்றார். பிரீடா சட்டையைப் பிடித்து இழுத்துவந்து கல்லருகே நிறுத்தினாள். பாதிரியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு நகர்ந்தார்.

"மாட்டுக்காரன்னு வெளியே தள்ளலை பாரு. கூடவே படுக்க வச்சிருக்கா, மகராசி," என்றாள் பிரீடா, இந்த முறை சிரிக்காமல்.

மலக்கி தொப்பியைக் கழற்றினார். கல்லைப் பார்த்தபடியே சொன்னார்:

"மூணு பேர்ல இவரைத்தான் அந்தம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்."

"ஆரம்பிச்சிட்டியா!"

ஊர்க்கூடத்தில் டீ ஊற்றி முடிப்பதற்குள், சுற்றுவட்டாரப் பெண்கள் அத்தனை பேரும் ஏங்கிய பேரழகனாகிவிட்டான் பீலிம் கஃப்.