பென்ரியூக்காரரின் புல் யாருடையது?

1

இந்தக் கதை ஒரு வீம்பில் தொடங்கியது. "வேல்ஸ்லயே இருக்கீங்க, அங்கேருந்து ஒரு கதை அனுப்புங்களேன்" என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். லாரி ஓட்டும் நேரத்துக்கான சட்டத்தையும், அதில் விவசாய வண்டிகளுக்கு இருக்கும் விலக்கையும் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். "அதை யாரும்மா படிப்பாங்க? ஒரு காதல் கீதல் வெச்சு எழுதுங்க" என்றார்.

காதல் கிடையாது. சட்டம்தான் உண்டு. பிடிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

"பச்சை மலைகளின் நடுவே, பனி விலகிய காலையில்" — வேண்டாம். இருபது வருஷமாக இங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். ஜன்னலைத் திறந்தால் அதே மலை. புளித்துவிட்டது.

"சரக்கு வாகன ஓட்டுநர்களின் பணிநேரம் குறித்த விதிகளின்படி" — ஆசிரியர் பயந்தது இதற்குத்தான்.

"நெஸ்தாவுக்குத் தூக்கம் வந்தது. ஆனாலும் அவள்" — இது தேவலை. ஆனால் இந்த வாக்கியத்தை முடிக்க நெஸ்தாவே விடமாட்டாள். "தூக்கமா? எனக்கா? எவ சொன்னா?" என்று சண்டைக்கு வருவாள். சொந்தமாக ஆடும் நிலமும் ஒரு பழைய லாரியும் வைத்திருக்கிறவள். என்னைக் கதைக்காரி என்றுதான் கூப்பிடுவாள். அதில் மரியாதை ஒன்றும் இல்லை.

3

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் புரிந்துகொண்ட அளவுக்குத்தான். கூலிக்குச் சரக்கு லாரி ஓட்டினால், எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள், எப்போது ஓய்ந்தீர்கள் என்பதை வண்டியில் ஒரு கருவி பதிந்துகொண்டே வர வேண்டும். விவசாயி தன் லாரியில் தன் சரக்கைத் தன் வட்டாரத்துக்குள் ஏற்றிப்போனால் அந்தக் கருவி வேண்டாம்.

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: ஓய்வே வேண்டாம் என்று சட்டம் சொல்லவில்லை, பதிய வேண்டாம் என்றுதான் சொல்கிறது. தூங்கிக்கொண்டே ஓட்டி ஆளைக் கொன்றவர்கள் உண்டு. சட்டம் ஒன்றும் பைத்தியக்காரத்தனமாக வந்ததில்லை. இதை நெஸ்தாவிடம் சொன்னேன். "புல்லு காயற அன்னிக்கு வந்து மழைகிட்டச் சொல்லு" என்றாள்.)

4

இத்வாலைப் பற்றி எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. பென்ரியூ என்ற மலைமேட்டுப் பண்ணைக்காரர். இங்கே ஆளைப் பண்ணையின் பேரால்தான் அழைப்பார்கள், ஆகவே பென்ரியூக்காரர். தேவாலயத்தில் மூப்பர். வாழ்நாளில் பொய் சொன்னதில்லை, யாரிடமும் சும்மா ஒரு ஆணிகூட வாங்கியதில்லை. இவ்வளவு ரோஷமா என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதால் எழுதிய முதல் படியில் அவரைச் சாதுவாக்கிப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. ரோஷத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவர் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்ட நேரம், ஆற்றோர வயலில் புல் அறுத்துக் கட்டிப் போட்டிருந்தது. சாயங்காலம் மழை வரும் என்றார்கள். புல் நனைந்து கெட்டால் குளிர்காலத்துக்குத் தீனி இல்லை. ஆடுகளை விற்க வேண்டியதுதான். ஆடுகள் போனால் அவருக்கு அப்புறம் பண்ணை எதற்கு?

நெஸ்தா யாரும் கூப்பிடாமலே லாரியோடு வந்து நின்றாள். இத்வால் உடனே எல்லோர் காதிலும் விழும்படி அறிவித்தார்: "சும்மா இல்ல. கூலிக்குத்தான் ஏத்தறா. நல்ல கிடாக்குட்டியா ஒண்ணு பேசியிருக்கேன்."

நெஸ்தா தலையாட்டினாள். இங்கே இது வழக்கம். வாங்குகிறவர் தலை குனியக்கூடாது என்று உதவிக்குக் கூலி என்று பேர் வைப்பார்கள். அந்தக் கிடாக்குட்டி யார் கொட்டகைக்கும் போகாது. போன வருஷம் இன்னொருவருக்குக் கூலியாகப் பேசியதும் இதே குட்டிதான். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். வெளியாட்களுக்கு எப்படித் தெரியும்?

5

கடைசி நடை. லாரியின் முன்னால் மூன்று பேர்: ஓட்டுவது நெஸ்தா, நடுவில் கட்டுகளை ஏற்றி இறக்கக் கூடப் போன நான், அந்தப் பக்கம் கையில் கட்டோடு இத்வால். பாலத்தருகே லாரிகளைச் சோதிக்கும் அதிகாரி கை காட்டினார்.

"நேரம் பதியற கருவி எங்க?"

"விவசாய வண்டிங்க. விலக்கு இருக்கு" என்றாள் நெஸ்தா.

"உங்க புல்லா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் இத்வால் என் மேல் சாய்ந்து ஜன்னல் பக்கம் தலையை நீட்டினார்.

"என்னோட புல்லு தம்பி. கூலி பேசித்தான் ஏத்திட்டுப் போறேன். கிடாக்குட்டி. நான் எவன்கிட்டயும் ஓசில வாங்கறவன் இல்ல."

"வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க, பென்ரியூக்காரரே" என்று நெஸ்தா பல்லைக் கடித்தாள்.

(அதிகாரியைக் கெட்டவராக்கச் சொல்லிக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அவர் நல்லவர்.)

"அக்கம்பக்கத்து உதவின்னா நானே போங்கன்னு அனுப்பிடுவேன். கூலின்னா இது சரக்கு லாரி. கருவி இல்லாம இங்கேருந்து நகர விடமுடியாது. எப்பலேர்ந்து ஓட்டறீங்க?"

"விடிஞ்சதுலேர்ந்து."

"நடுவுல ஓய்வு எடுத்தீங்களா?"

"மேலே பாருங்க. அது எடுத்துச்சா?"

அதிகாரி மேலே பார்த்தார். மேகம் மலையைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

6

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: "கிடாக்குட்டியெல்லாம் சும்மா பேச்சு சார், நான் இனாமாத்தான் ஓட்டறேன்" என்று நெஸ்தா சொல்லிவிடுகிறாள். புல் தப்புகிறது. இத்வால் அதன்பிறகு அவள் முகத்தில் விழிக்கவே இல்லை. ஒரு மனிதரைப் பிச்சைக்காரராக்கித்தான் அவர் ஆடுகளைக் காப்பாற்ற வேண்டுமா? அடித்துவிட்டேன்.

இரண்டு: நெஸ்தா பேசாமல் இருக்கிறாள். லாரி பாலத்தருகே நிற்கிறது, புல் நனைகிறது. எல்லோரும் யோக்கியர்களாக வீடு திரும்புகிறார்கள். எழுதும்போதே எரிச்சல் வந்தது.

மூன்று: அதிகாரியும் ஒரு விவசாயி மகன்தான். அவர் கண் கலங்க — மாட்டேன். கெஞ்சிக் கிடைக்கிற முடிவு எனக்கு வேண்டாம்.

7

நடந்தது வேறு. நெஸ்தா எஞ்சினை அணைத்தாள்.

"பெரியவரு மாத்திச் சொல்றாரு சார். கிடாக்குட்டி அவரு எனக்குக் குடுக்கல. நான்தான் அவருக்குக் குடுக்கறேன், புல்லுக்கு வெலையா. புல்லு என்னுது, லாரியும் என்னுது."

"அப்புறம் ஏன் அவர் பண்ணைக்குப் போகுது?"

"என் கொட்டகைல எடமில்ல. அவருதுல போட்டு வைக்கறேன். அதுக்கும் ஒரு சட்டம் இருக்கா?"

எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஒரே வாக்கியத்தில் அவரை உதவி வாங்குகிறவர் இடத்திலிருந்து விற்கிறவர் இடத்துக்கு மாற்றிவிட்டாளே! நான் நாலு படி எழுதியும் எனக்கு இது தோன்றவில்லை.

அதிகாரி இத்வாலைப் பார்த்தார். "அப்படியா ஐயா?"

ஆமாம் என்றால் பொய், இல்லை என்றால் நெஸ்தாவின் லாரி பிடிபட்டுவிடும். இத்வால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதிகாரி என்னிடம் திரும்பினார்.

"நடுவுல உக்காந்திருக்கீங்களே, நீங்க சொல்லுங்கம்மா. இந்த வெல பேசினப்ப கூட இருந்தீங்களா?"

நடக்காததை நடந்ததாக எழுதுவதுதான் என் பிழைப்பு. அதற்காக யாரும் என்னை நிறுத்திக் கேள்வி கேட்டதில்லை. அன்று கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். நெஸ்தாவின் லாரி இன்னும் அந்த ரோட்டில்தான் ஓடுகிறது, அல்லது ஓடவில்லை. எனக்கும் பதியாமலிருக்க ஒரு விலக்கு உண்டு, நானே கொடுத்துக்கொண்டது.

என் இடத்தை உங்களுக்குத் தருகிறேன். கொஞ்சம் நெருக்கமாக இருக்கும், உட்காருங்கள். வலப்பக்கம் நெஸ்தா, விடியலிலிருந்து விடாத ஸ்டியரிங்கோடு. இடப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு மூப்பர். கண்ணாடியில் முதல் தூறல் விழுகிறது. பின்னால் ஒரு குளிர்காலத்துக்கான தீனி திறந்து கிடக்கிறது. நீங்களும் பொய் சொல்லக்கூடாது என்று சொல்லித்தான் வளர்க்கப்பட்டிருப்பீர்கள்.

அதிகாரி உங்களைத்தான் பார்க்கிறார். கூட இருந்தீர்களா, இல்லையா?