ராத்திரி முழுக்க ஊறிய திசு

ஊறவைத்த திசு மறுபடியும் செத்துக் கிடந்தது. காலையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்ததுமே அந்த ஆராய்ச்சி மாணவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திசுவிலிருந்து செல்களை உயிரோடு தனித்தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு, செல்களை ஒட்டவைத்திருப்பதைக் கரைக்கும் என்சைமில் ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டும் என்பது அந்த ஆய்வகத்தின் வேதவாக்கு. அதை அட்சரம் பிசகாமல் செய்தவளுக்குக் கிடைத்ததெல்லாம் பிணங்கள்.

"உனக்குக் கைராசி இல்லம்மா," என்றார் பேராசிரியர். "உனக்கு முன்னாடி இருந்தவனுக்கும் இல்ல. மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் உன் இடத்துக்கு வேற ஆளு."

கைராசியாம்! வாங்கிய பட்டமென்ன, பேசுகிற பேச்சென்ன! முன்னாடி இருந்தவனும் இதையே கேட்டுக் கேட்டு, ஆராய்ச்சிக்கே முழுக்குப் போட்டுவிட்டு, மருந்துப் பையோடு கடை கடையாக ஏறி இறங்குகிறான். நேரத்தையும் அளவையும் மாற்றிப் பார்க்கலாமா என்று இவள் ஒருமுறை கேட்டதற்கு, 'அவசரக்குடுக்கை' என்று பட்டப்பெயர்தான் மிஞ்சியது.

ஆய்வகத்தில் இந்த முறையை முதலில் செய்த சீனியர் அக்கா இப்போது வேறொரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அவளைப் போனில் பிடித்தாள்.

"ஏங்க்கா ராத்திரி முழுக்க?"

அக்கா சிரித்துவிட்டாள். "அதுவா? சாயங்காலம் என் பொண்ணை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும்டி. ஊறப்போட்டுட்டு ஓடிடுவேன், காலைல வந்து எடுப்பேன்."

"செல்லு சாகலையா?"

"எப்படிச் சாகும்? அப்போ இருந்தது அரதப்பழசு என்சைம் பாட்டில், வீரியமே கிடையாது. இப்ப புதுசு வாங்கியிருப்பீங்களே?"

போனை வைத்தவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு பள்ளிக்கூட மணியை விஞ்ஞானம் என்று நம்பியா இத்தனை நாள் திட்டு வாங்கினாள்?

மறுநாள் யாரையும் கேட்கவில்லை. காலையிலேயே கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் என்சைமை வேறு வேறு அளவில் விட்டாள். ஒன்றைச் சீக்கிரம் எடுத்தாள், ஒன்றை விட்டுவைத்தாள். சீக்கிரம் எடுத்ததில் செல்கள் பிரியவே இல்லை. விட்டுவைத்ததில் எல்லாம் செத்தன. பாதி அளவு விட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்த கிண்ணத்தில் மட்டும் செல்கள் உருண்டு திரண்டு பளபளத்தன. திரும்பச் செய்தாள். அப்போதும் உயிரோடு இருந்தன. சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பேராசிரியர் குனிந்து பார்த்தார். "அட! கைராசி வந்துடுச்சு பாரு!"

"கைராசி இல்ல சார், பாட்டிலு." அக்கா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"சரி, அதுக்கென்ன இப்ப? இனிமே இப்படியே செய். உன் இடம் உனக்குத்தான்."

அவ்வளவுதான். இடம் தப்பியது, வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அந்த 'அதுக்கென்ன' நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"எனக்கு முன்னாடி இருந்தவருக்கும் சொல்லணும் சார்."

"எவனுக்கு?"

அவருக்கு முகம்கூட நினைவில்லை. அவள் அவன் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை அவர் மேஜைமேல் வைத்தாள். மறுமுனையில் தெருச் சத்தத்துக்கு நடுவே ஒரு களைத்த குரல், "ஹலோ, யாருங்க?" என்றது.

வை, வை என்று பேராசிரியர் கையை ஆட்டினார். அவள் போனைத் தொடவில்லை.

"பேசுங்க சார்," என்றாள். "கைராசி இல்லாதவரு லைன்ல இருக்காரு."