எண்ணெய் குடித்த ரப்பர்

மோட்டார் கொட்டகையில் அன்று இருந்தவர்கள்: பண்ணைக் காரியஸ்தர் இராஜாங்கம், ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்கு உழும் காத்தான், அவன் பெண்சாதி அம்சம், வயர்மேன் ரெத்தினம். பண்ணையார் வரவில்லை. அவர் வராமலே காரியம் நடக்கும்.

ரெத்தினம் மன்னார்குடி ரைஸ்மில்லில் இரண்டு நாள் கண் விழித்து வேலை பார்த்துவிட்டு நேராக வந்திருந்தான். முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுக்க வேண்டும்.

"புது ஆட்சி சட்டம் போட்டுச்சாம், நம்ம காத்தான் துரை தாலுக்காபீஸ்ல குத்தகைதாரன்னு தன் பேரைப் பதிஞ்சுட்டாரு. அந்தத் திமிருல மோட்டார் வயரை வெட்டிப்புட்டான். பாத்து எழுதிக் கொடு, ரெத்தினம்" என்றார் இராஜாங்கம்.

"என் நாத்துதானங்க காயுது. நானே வெட்டுவனாங்க?" என்றான் காத்தான்.

வெட்டியது என்று ரெத்தினம் எழுதினால், பண்ணைச் சொத்தை நாசம் செய்தான் என்று காத்தானின் குத்தகை போய்விடும். எலி கடித்தது என்று எழுதினால் தப்பிப்பான். அவ்வளவுதான் விஷயம்.

வரப்போரம் கிடந்த வயரை ரெத்தினம் தூக்கிப் பார்த்தான். அரிவாள் பட்டிருந்தால் செம்பு ஒரே சீராக அறுந்திருக்கும். இங்கே மேலே இருந்த ரப்பர், ரத்தம் குடித்த அட்டை மாதிரி உப்பி, பிசுபிசுத்து, விரலோடு பிய்ந்து வந்தது. மோந்து பார்த்தான். வேப்பெண்ணெய்.

"யாரு எண்ணெய் தடவுனது?" தூக்கக் கலக்கத்தில் வாய்விட்டுக் கேட்டுவிட்டான்.

"நாந்தான், மிஸ்திரி." அம்சம் முன்னால் வந்தாள். "எலி கொறிச்சிரக் கூடாதேன்னு வெள்ளிக்கு வெள்ளி தடவுவேன். அந்தக் கசப்புக்கு அண்டாதுல்ல?"

ரப்பர் எண்ணெயைக் குடிக்கும். குடித்தால் உப்பி இற்றுப்போகும். இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. ரெத்தினமும் சொல்லவில்லை.

இராஜாங்கம் சிரித்தார். "சரிடா, நீ வெட்டலை. பண்ணை வயரை எண்ணெய் பூசி அழுக வச்சிருக்கீங்க. அதையே எழுது ரெத்தினம்."

"பிளாஸ்டிக் வயர் போடுங்கன்னு மூணு வருசமா சொல்றேங்க. எண்ணெய் பட்டா அது இப்படி ஆவாது. மில்லுல கழிச்ச ரப்பர் வயரே போதும்னுட்டீங்க" என்றான் ரெத்தினம்.

"வயர் பண்ணையோடது. எண்ணெய் யாரோடது?"

"எலின்னு எழுதுங்களேன், மிஸ்திரி" என்றான் காத்தான், மெதுவாக.

"எப்புடிடா எழுதுவான்? உன் பொண்டாட்டி வாயாலயே வந்துடுச்சே. நாளைக்கி நீ சங்கத்து ஆளுங்களக் கூட்டியாந்தாலும் இதத்தானே சொல்லியாவணும்?"

அம்சம் புருஷன் முகத்தைப் பார்த்தாள். என்ன தப்பாகச் சொன்னோம் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது.

ரெத்தினம் எழுதினான். பண்ணையின் ஆறு மோட்டார் வேலையும் அவன் கையில் இருந்தது; எழுதாவிட்டால் அது போய்விடும். நான் எழுதாவிட்டால் இன்னொருவன் எழுதுவான் என்று நினைத்துக்கொண்டான். அது உண்மைதான். அதனால் எழுதியது சரியென்று ஆகிவிடவில்லை. கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

"இனிமே நெலமும் மோட்டாரும் பண்ணைப் பொறுப்பு. உன் சாமானை எடுத்துக்க" என்றார் இராஜாங்கம்.

காத்தான் உள்ளே போனான். மண்வெட்டியையும், பாதிக்குமேல் எண்ணெய் இருந்த புட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் இராஜாங்கம் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.