செல்மாவின் கைகள்

ஓடர் ஆற்றின்மேல் கூதிர்காலத்து மூடுபனி மெல்ல இறங்கி, தீவிலுள்ள பெருங்கோவிலின் இரட்டைக் கோபுரங்களை விழுங்கி, பாலங்களில் நடப்போரை நிழல்களாக்கிக்கொண்டிருந்த பிற்பகல் அது. பிரெசுலாவ் நகரத்து வீதிகளில், மழையில் நனைந்து கனத்த, கொக்கிச் சிலுவை பொறித்த செங்கொடிகள் உரித்துத் தொங்கவிட்ட தோல்களைப் போலச் சாளரந்தோறும் தொங்கின. அடுமனைகளிலிருந்து கசகசா அப்பத்தின் மணம் எழுந்து தெருவில் பரவிற்று. அதை வாங்க நின்றவர்கள் பக்கத்தில் நிற்பவர் யாரென்று பார்த்துவிட்டே பேசினார்கள்.

அந்தத் தெரு வழியே ஒட்டீலி கெர்லாக் விரைந்து நடந்துகொண்டிருந்தாள். நகர நாடக அரங்கின் ஆடை வடிவமைப்பாளர் அவள். ஒரு காலத்தில் சிற்பியென்றும் அறியப்பட்டவள். காலையில், கலைஞர்களுக்குத் தொழிலிசைவு வழங்கும் அரசின் கலைக்கழக அலுவலகம் அவளை அழைத்து, ஒரு மரப்பலகையில் நெடுநேரம் அமர்த்திவைத்து, எதுவும் கேளாமலே அனுப்பிவிட்டது. மேற்பார்வையாளர் காபல் அங்கே இல்லை என்பதை அவள் புறப்படும்போதுதான் சொன்னார்கள். அவர் அரங்கிற்குப் போயிருந்தார். ஆடைகளைப் பார்வையிட மறுநாள் வரவேண்டியவர் அன்றே போயிருந்தார்.

அவள் ஏன் விரைந்தாள் என்பதைப் படிப்போர் அறிய வேண்டும். தகரத்தாலும் கம்பியாலும் கூம்பும் உருளையுமாக அவள் சமைத்த ஆடைகளைக் காண ஒரு காலத்தில் பெர்லினிலிருந்தும் வந்தார்கள். அந்த ஆடைகளுக்குள் புகுந்து, அவற்றின் எடையை எடையின்மையாக்கி ஆடியவள் செல்மா லேவின். ஆட்சி மாறியது. ஆடைகள் இழிகலை எனப்பட்டன. ஒட்டீலியின் சிற்பங்கள் அருங்காட்சியகத்திலிருந்து இறக்கப்பட்டு உடைக்கப்பட்டன. யூதப்பெண்ணான செல்மாவுக்கு மேடை மறுக்கப்பட்டது. பின்பு பூங்கா இருக்கைகளும் மறுக்கப்பட்டன. ஒரு மாசிமாதக் காலையில் அவள் இதே ஆற்றில் இறங்கினாள்; கரையேறவில்லை. அரங்கிலிருந்த அவளுடைய ஒளிப்படங்களை அதன் ஆட்களே எரித்தார்கள்.

எஞ்சியது ஒன்று. செதுக்க மென்மையான லிண்டன் மரத்தில் ஒட்டீலி செதுக்கிய, ஆளுயரச் செல்மா. மேடையேறுமுன் திரைக்குப் பின்னே நின்று, ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டைப் பற்றித் தன் நாடியைத் தானே எண்ணுவது செல்மாவின் வழக்கம். அந்தக் கணத்தில்தான் சிற்பம் நின்றது. முகத்தை ஒட்டீலி வேண்டுமென்றே வழவழப்பான வெற்றிடமாக விட்டிருந்தாள். செல்மா முழுவதும் அந்தக் கைகளில் இருந்தாள். அதனை அரங்கின் மேன்மாடத் தையற்கூடத்தில், வரிசையாக நின்ற தையற்பொம்மைகளுக்கிடையே நிறுத்தி, பழைய நாடகமொன்றின் அகன்ற போர்வையால் போர்த்தியிருந்தாள். இந்தச் செய்தி அவளையன்றி இன்னொருத்திக்கே தெரியும்: தையற்கூடத் தலைவி எர்னாவுக்கு.

படியேறி வந்தவளை எர்னா எலும்புப் பசை காய்ச்சும் அடுப்பருகே நின்று வரவேற்றாள். அறுபதைக் கடந்த, தடித்த, வாய் ஓயாத பெண். அன்று அவள் முகம் திருவிழா கண்ட முகமாய் ஒளிர்ந்தது.

"வாடி, வா. பேயறைஞ்ச மாதிரி நிக்காத. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. கழகத்துக் கோமான் வந்துட்டுப் போயாச்சு."

ஒட்டீலி வரிசையைப் பார்த்தாள். நகர ஊர்வலத்துக்கென அவர் கட்டளைப்படி அவள் தைத்த ஆடைகள் அனைத்தும் பொம்மைகளின்மேல் ஏற்றப்பட்டிருந்தன. நடுவே, ஓடர் அன்னையின் நீலப்பட்டு அங்கி. இறுகிய நீண்ட கைகளுடைய அந்த அங்கி, வரிசையில் வேறெந்தப் பொம்மைக்கும் இல்லாத உயரத்தில் நின்றது. அதன் கைகளுக்குள் கசங்கிய செய்தித்தாள் திணிக்கப்பட்டிருந்தது.

எர்னா நடந்ததைச் சொன்னாள். வாயிற்காவலன் ஓடிவந்து சொன்னபோது காபல் கீழே மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாராம். எல்லா ஆடையையும் பொம்மைமேல் பார்க்க வேண்டுமென்றாராம். இயக்குநர் கீழே அவருக்கு ஒரு கிண்ணம் சாராயம் ஊற்றி நிறுத்திவைத்த நேரமே கிடைத்ததாம். போர்வையை யாராவது தூக்கினால் போச்சு. கையுள்ள பொம்மையை உலகத்தில் எந்தத் தையற்காரி வைத்திருப்பாள்? கைகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் உருவத்தின்மேல் இறுகிய கையுள்ள அங்கி ஏறுமா?

"மேடைத் தச்சன் ரம்பம் பக்கத்துலயே கெடந்துச்சு. தோளோட எடுத்துட்டேன். முகம்தான் இல்லையே, அது ஒரு வசதி. மேல சாக்குத்துணிய இழுத்துத் தைச்சு, கழுத்துல அங்கிய மாட்டிட்டேன். அந்தாளு வந்து முட்டியால தட்டிப் பாக்கறான்டி! 'நல்ல பழைய மரம், நம்ம முன்னோர் வேலை'ங்கறான். நான் சிரிப்ப அடக்க, குண்டூசிய வாயில கடிச்சுக்கிட்டு நின்னேன்."

ஒட்டீலி கேட்டாள்: "கைங்க எங்க?"

"அத வச்சுக்கிட்டு மாட்டிக்கவா? அடுப்புல போட்டுட்டேன். காஞ்ச மரம், நல்லா எரிஞ்சுது." பிறகு, தொழிலில் நேர்ந்த சிறு இடரைச் சொல்பவளாய்ச் சொன்னாள்: "தனித்தனியா போடலாம்னு பாத்தேன். ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்கிட்டு பிரியவே இல்ல. சேத்தேதான் போட வேண்டியதாச்சு."

பசை கொதித்தது. எர்னா அதனைக் கிளறினாள்.

"எந்தக் கை எதைப் பிடிச்சிருந்துச்சு?" என்றாள் ஒட்டீலி. அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"என்னடி கேள்வி இது? அந்த அவசரத்துல யாரு பாத்தா? நீதான செஞ்ச, உனக்குத் தெரியாதா?"

ஒட்டீலி வெட்டுமேசையின் முன் அமர்ந்து, துணியில் குறியிடும் கரியை எடுத்து, தாளில் வரையத் தொடங்கினாள். இடக்கை வலக்கையைப் பற்றுவதாக ஒரு முறை வரைந்தாள். வலக்கை இடக்கையைப் பற்றுவதாக ஒரு முறை வரைந்தாள். இரண்டும் கைகளாக இருந்தன. ஒன்றும் செல்மாவுடையதாக இல்லை. சுட்டுவிரல் நாடியின்மேல் அழுந்தியிருந்ததா, தொட்டும் தொடாமலும் நின்றதா? இத்தனை ஆண்டுகளில் அவள் போர்வையை ஒருமுறையும் விலக்கிப் பார்த்தவளல்லள். விலக்கிப் பார்ப்பது காட்டிக்கொடுப்பதற்கு ஒப்பென்று அஞ்சினாள். அதனால் அவள் நெஞ்சு காத்துவைத்திருந்தது போர்வையை மட்டுமே. கரி ஓடிய இடமெல்லாம் அதன் மடிப்புகளே வந்தன. தோளிலிருந்து வழிந்து, முழங்கையில் குழைந்து, எதையும் காட்டாமல் தரைவரை வீழ்ந்த மடிப்புகள்.

எர்னா எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் முதன்முறையாக ஏதோ ஐயம் படர்ந்தது. "நான் உன்னைக் காப்பாத்தணும்னுதான்…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

"தெரியும் எர்னா. உன்னாலதான் எனக்கு இன்னும் வேல இருக்கு."

அதுவும் உண்மையே. காபலுக்கு அங்கி பிடித்துவிட்டது. ஒட்டீலியின் தொழிலிசைவு நீட்டிக்கப்படுமென்றும், அடுத்த ஊர்வலத்து ஆடைகளும் அவளே செய்ய வேண்டுமென்றும், அங்கியின் கைகளை இன்னும் ஒரு விரல் இறுக்க வேண்டுமென்றும் சொல்லிப் போயிருந்தார். ஒட்டீலி எழுந்தாள். குண்டூசித் திண்டை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, நீலப்பட்டின் முன் மண்டியிட்டு, தாள் திணித்த கையைப் பற்றி, உள்தையலில் ஊசிகளைக் குத்தத் தொடங்கினாள். செய்தித்தாள் நொறுங்கும் ஒலி கேட்டது.

பகைவர் உடைத்தவற்றுக்கு என்றேனும் ஒரு நாள் உலகம் கணக்குக் கேட்கக்கூடும். அஞ்சியவர் அஞ்சியவருக்காக, அன்பினால், ஒரு நண்பகலில் அடுப்பிலிட்டவற்றை எவரிடம் போய்க் கேட்பது? வெளியே மூடுபனி ஆற்றையும் கரையையும் ஒன்றாக்கிற்று. எர்னா விளக்கை ஏற்றி, அவளுக்கு வெளிச்சம் விழும்படி அருகே பிடித்துக்கொண்டு நின்றாள்.