நாற்பத்தேழாம் நம்பர் சக்களத்தி

ஆர்லிஸுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். நாலு கால், கறுப்புத் தோல், காதில் நாற்பத்தேழு என்று எழுதிய மஞ்சள் வில்லை. அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் மணல் குன்றுகளில் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவனைக் கட்டிக்கொண்டால் முந்நூறு பசுக்களோடு குடித்தனம் நடத்தத்தான் வேண்டும். அது தெரிந்தே வந்தவள்தான் அவள். முந்நூறில் இந்த ஒன்றுதான் கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தியது.

காரணம் இல்லாமல் இல்லை. சில பசுக்களுக்குக் கன்று போடும் முன்பே, கன்று வரும் வழி பிதுங்கி வெளியே தள்ளிவிடும். அவள் கணவன் வெர்லின் அதைக் கழுவி, உள்ளே தள்ளி, பட்டை நாடாவால் தைப்பான். கன்று பிறந்து தேறியதும் தாயைச் சந்தைக்கு லாரியில் ஏற்றிவிடுவான். "ஒரு தடவை தள்ளினது மறு வருஷமும் தள்ளும். அது பெத்த கிடாரியும் தள்ளும். ரத்தத்துலயே இருக்கு" என்பான். பரிசு வாங்கிய மாடானாலும் தாட்சண்யம் கிடையாது, தையல் விழுந்தால் லாரிதான். நாற்பத்தேழை மட்டும் மூன்று வசந்தமாகத் தைத்துத் தைத்து வைத்துக்கொண்டிருந்தான்.

அது அவனுடைய முதல் மனைவி கார்லிஸ் வளர்த்த பசு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் சண்டை போட்டுக்கொண்டு தன் மாடுகளை ஏற்றிப் போனபோது, ஏதோ குன்றுக்குப் பின்னால் நின்ற இது மட்டும் தங்கிவிட்டதாம். இப்போது அவள் இருப்பது வேலன்டைன் என்கிற ஊரில். ஊர்ப் பேரைப் பார், காதலர் தினம் மாதிரி! சாலைப் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்தாலே ஆர்லிஸுக்கு வயிறு எரியும்.

"அத மட்டும் ஏன் விக்க மாட்டேங்கிற?" என்று ஒருமுறை கேட்டும் பார்த்தாள்.

"அது வேற கதை" என்று சொல்லிவிட்டு வெர்லின் தட்டிலிருந்த உருளைக்கிழங்கில் மூழ்கிவிட்டான். வேற கதையாம். என்ன கதை என்று அவளுக்குத் தெரியாதா?

ஏப்ரலில் ஒரு நாள் காலை, கடைசி மேய்ச்சலில் தண்ணீர் இறைக்கும் காற்றாடி நின்றுபோயிருந்தது. வெர்லின் கருவிகளோடு கிளம்பினான். போகும்போது தன் கத்தியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"நாப்பத்தேழு இன்னைக்குப் போட்டுடும். வலி எடுத்ததும் நாடாவ அறுத்துடு. விட்டா கிழிஞ்சு போயிடும்."

"உன் செல்லத்த நீயே இருந்து பாத்துக்கயேன்."

"அங்க எண்பது மாடு தண்ணியில்லாம நிக்குது, ஆர்லிஸ்."

பத்து மணிக்குப் பசுவுக்கு வலி எடுத்தது. கத்தியோடு நின்ற ஆர்லிஸ், எதையும் பார்க்காதவள்போல் காபி போடப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். பொய் சொல்வானேன், நினைத்தாள். பசு முக்கி முனகித் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. "சனியனே" என்று வைதுகொண்டே நாடாவை அறுத்தாள்.

கிடாரிக் கன்று சுலபமாக வந்தது. ஆனால் படுத்திருந்த தாய் முக்குவதை நிறுத்தவில்லை. அடுத்த முக்கலில் கருப்பையே சிவந்த மூட்டையாகப் புல்லில் வந்து விழுந்தது. வருஷா வருஷம் தைத்த கோளாறு வேறு, இது வேறு. இதில் உயிரே போய்விடும்.

போனில் மாட்டு டாக்டர் பதறினார். "நான் வர ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் தாங்காது. எழுந்திரிக்க விடாத. பின்னங்கால் ரெண்டையும் பின்னால நீட்டிவிடு. வீட்டுல சர்க்கரை இருக்கா? கழுவிட்டு மேல கொட்டு, வீக்கம் வத்தும். விரலால குத்தாத, ஓட்டையாயிடும். முஷ்டியால தள்ளு."

படுக்கை விரிப்பை இழுத்து வந்து அதன்மேல் மூட்டையை ஏந்தினாள். கழுவினாள், ஒரு பை சர்க்கரையையும் கொட்டினாள். பிறகு தோள்பட்டை வரைக்கும் ரத்தமாக, அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் ஒரு மணி நேரம் தள்ளினாள். கடைசியில் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பசுவின் இடுப்பில் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது, நனைந்த குளிர்கால ரோமம் படிந்து, அடியில் சூடு போட்ட குறி தெரிந்தது. ஒரு பிறை, கீழே ஒரு கோடு. இந்தப் பண்ணையின் குறி அதுவல்ல.

மதியம் வெர்லின் திரும்பினான். பசு நின்றுகொண்டு கன்றை நக்கிக்கொண்டிருந்தது.

"நீயா தள்ளின?"

"இல்ல, உன் கார்லிஸ் வந்து தள்ளினா! இடுப்புல அவ குறிய வேற பொத்திப் பொத்தி வச்சிருக்க."

"பொத்தி வைக்கிறனா? அந்தக் குறியாலதான் இத விக்க முடியல. என் குறி இல்லாத மாட்டச் சந்தைக்குக் கொண்டுபோனா, குறி பாக்குற ஆளு லாரிய விட்டே எறக்கிடுவான். குறிப்படி இது இன்னும் அவ மாடு, அவ கையெழுத்து வேணும். அதுக்கு அவகிட்டப் பேசணும். அதுக்கு வருஷா வருஷம் தைக்கிறதே மேல்னு விட்டுட்டேன்."

மூன்று வருஷம் எரிந்த வயிற்றுக்கு யார் பதில் சொல்வது?

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"அவ பேர எடுத்தாலே நீ தட்ட நகத்தி வச்சிட்டு எழுந்துடுவியே."

"அவ போன் நம்பரக் குடு" என்றாள்.

சமையலறையிலிருந்து போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் கார்லிஸ் சிரித்தாள். "அது இன்னும் இருக்கா? அதோட ஆத்தாளும் இப்படித்தான் தள்ளும். கையெழுத்துதானே, போட்டு அனுப்புறேன். அந்தக் கன்னுக்குட்டிய இனவிருத்திக்கு வச்சுக்காதீங்க." பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "கருப்பைய யாரு உள்ள தள்ளினது? டாக்டரா?"

"நான்தான்."

"வெர்லின் பக்கத்துல நின்னிருப்பானே."

"இல்லீங்க. காலையிலயே கத்திய எங்கையில குடுத்துட்டுக் காத்தாடி ரிப்பேருக்குப் போயிட்டான்."



"பதினோரு வருஷம்" என்றாள் கார்லிஸ். "கன்னு போடுற மாட்டுகிட்ட என்னை ஒரு நாள்கூட அவன் தனியா விட்டதில்ல. 'நீ தொடாத, கெடுத்துடுவ'ம்பான். என் சொந்த மாட்டையே."

அந்தக் குரலில் இருந்தது இன்னதென்று, மூன்று வருஷம் அதிலேயே எரிந்த ஆர்லிஸுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"சரியா கேக்கலீங்க" என்றாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."