டோடோலுக்குச் சூட்டிய மாலை

ஜெரார்ட் டின்னின் மூடியைத் திறந்தான். உள்ளே இருக்க வேண்டியது சினிமா மெஷினின் கண்ணாடி. இருந்தது டோடோல். தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து மலாய்க்காரர் வீடுகளில் நாள் முழுக்கக் கிண்டுகிற அந்தக் கறுப்பு இனிப்பு, ஓலை மடிப்புக்குள் எண்ணெய் மினுங்க, இரண்டு கிலோ கனத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ஆப்பரேட்டர் முனியாண்டி எட்டிப் பார்த்தார். ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டார்.

"அலோர் ஸ்டார் சரக்கு. நல்லா இருக்கு. கண்ணாடி எங்க தம்பி?"

ஜெரார்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி பன்னிரண்டரை. இரண்டு மணிக்குப் படம். கீழே சுங்கை பட்டாணி மண்டபத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு இழுப்பும் அவன் முதுகுத்தண்டில் இழுபட்டது.

அது 1985. வீட்டுக்கு வீடு வீடியோ வந்து, டவுன் தியேட்டர் நாற்காலிக் கடையாகிவிட்ட வருஷம். அந்தச் சோகத்தைத் தாங்க மாட்டாமல் தர்மலிங்கம் 'அகலத்திரை மறுமலர்ச்சி மன்றம்' தொடங்கியிருந்தார். ரப்பர் தோட்டத்துக் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டுறவுச் சங்கத் தலைவர். மேடை இருக்கும் இடங்களிலெல்லாம் இயல்பாகவே காணப்படுகிறவர். மன்றத்தின் முதல் பணி, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய ராஜா ராணிப் படம் ஒன்றை அகலத்திரையில் மறுபடி காட்டுவது. கூட்டத்துக்குக் கூட்டம் அவர் இரண்டு கைகளையும் சிலுவைபோல் விரிப்பார்.

"பினாங்குல, ஏர்கோன் தியேட்டர்ல, பால்கனியில உக்காந்து பார்த்தவன் நான். இந்தக் கோடியில ராணி, அந்தக் கோடியில ராஜா. நடுவுல பத்துக் குதிரை. வீடியோவுல பாக்குறவனுக்கு என்னா தெரியும்?"

பக்கத்தில் உட்காருகிற செயலாளர்தான் பாவம், பத்துக் குதிரைக்கும் இடம் விட்டுத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். அந்தச் செயலாளர் ஜெரார்ட். சங்கத்தில் தற்காலிகக் குமாஸ்தா. மூன்று வருஷமாகத் தற்காலிகம். அவன் கட்டிக்கொள்ளக் காத்திருந்த மரியாவின் அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: வேலை நிரந்தரமாகட்டும், அதற்கப்புறம் மாதா கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கலாம். நிரந்தரக் கடிதம் தயாராகி, தலைவரின் சட்டைப் பையில் இருந்தது. படம் நல்லபடி முடிந்ததும் மேடையில் கொடுப்பதாக ஏற்பாடு. நல்லபடி முடியாவிட்டால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவனைத் தூங்கவிடாமல் செய்தது.

அகலப் படத்தை ஃபிலிமில் பக்கவாட்டில் ஒடுக்கித்தான் பதித்திருப்பார்கள். மெஷினின் மூக்கில் ஸ்கோப் கண்ணாடி மாட்டினால்தான் ஒடுங்கியது விரியும். மாட்டாவிட்டால் ராஜாவும் ராணியும் குதிரையும் ஒட்டடைக்குச்சிபோல் நீண்டு நிற்பார்கள். மூடிக் கிடந்த ஜித்ரா தியேட்டரிலிருந்து அந்தக் கண்ணாடியை இரவல் வாங்கி, பிஸ்கட் டின்னில் வைத்து, சுற்றிலும் மன்றத்தின் நோட்டீஸைக் கசக்கித் திணித்து, புதன்கிழமை பஸ்ஸில் கொண்டுவந்தவன் ஜெரார்ட்தான்.

இப்போது நினைவு வந்தது. அலோர் ஸ்டாரில் ஏறிய ஒரு மலாய் அம்மா. அவர் காலடியிலும் இதே பிஸ்கட் டின். பீடோங்கில் அவர் இறங்கும்போது, பெரியவர் குனிய வேண்டாமே என்று டின்னை எடுத்து இரண்டு கையாலும் நீட்டியது அவனேதான். அவர் வாழ்த்திவிட்டு வேறு போனார்.

வந்ததும் திறந்து பார்த்திருக்கலாம். தலைவர் விடவில்லை. "கைரேகை பட்டுரும்" என்று சொல்லி, டின்னைத் தன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், கேடயங்களுக்கு நடுவில் வைத்து, சந்தனம் தடவி மாலையும் போட்டார். நான்கு நாளாகப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் டோடோலைக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அண்ணே, என் வேலை போச்சு."

"வேலை போறது அப்புறம். லாரியில ஏழு தோட்டத்து ஜனம் வந்து எறங்குது. ஒய்.பி. வர்றாரு. படத்தை ஓட்டணுமா வேண்டாமா?"

"கண்ணாடி இல்லாம எப்படிண்ணே? எல்லாரும் ஒல்லியா நீட்டமா வருவாங்களே. தலைவரு பினாங்குல பார்த்தவரு. மொத நிமிஷமே கண்டுபுடிச்சிருவாரு."

முனியாண்டி விரலை நக்கினார். "பார்ப்போம் லா," என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் என்னவென்று யோசிக்கிற நிலையில் ஜெரார்ட் இல்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் படம் நடுவில் மட்டும்தான் விழும். முப்பதடித் திரையில் இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடக்கும். முனியாண்டி வாசலில் கட்டியிருந்த வரவேற்புப் பேனர்கள் இரண்டையும் அவிழ்த்துக்கொண்டு வரச் சொன்னார். ஒன்று சட்டமன்ற உறுப்பினரான ஒய்.பி.யை வரவேற்றது. இன்னொன்று தலைவரை, அதைவிட ஒரு முழம் பெரிதாக வரவேற்றது. திரையின் இரு ஓரத்தையும் அவை மூடிக்கொண்டன. உள்ளே வந்த தர்மலிங்கம் படம் முழுக்கத் தன் முகம் திரையோரம் தொங்கப்போவதைப் பார்த்து, "நல்ல யோசனை தம்பி," என்று மட்டும் சொன்னார். சட்டைப் பையை ஒருமுறை தட்டிக் காட்டினார். ஜெரார்ட் மெஷின் அறைக்குப் படியேறினான்.

இரண்டு மணிக்கு ஜன்னல்களில் கறுப்புத் துணி இறங்கியது. மெஷின் உறுமியது. ஜெரார்ட் அறையின் சதுர ஓட்டை வழியாகத் திரையைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் தலைவரின் பின்மண்டையைத்தான் பார்த்தான். அது திரும்பும். இதோ திரும்பும். அருள் நிறைந்த மரியே ஜெபம் பாதியில் மறந்துபோனது. மறுபடி தொடங்கினான்.

ராஜா வந்தார். தென்னைமரம் கிரீடம் வைத்ததுபோல் இருந்தார். குதிரை ஒட்டகச்சிவிங்கிக்கு உறவாகத் தெரிந்தது. ஜெரார்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

கைத்தட்டல் எழுந்தது.

"அதே படம் லா," என்று ராக்காயி சொல்வது மேலே வரைக்கும் கேட்டது. தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர், ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். "என் மவன் வீடியோவுல போட்டுக் காட்டுனான், குண்டா தெரிஞ்சாரு. டிவி கெட்டுப்போச்சுன்னு அவனைத் திட்டுனேன்."

"ராஜான்னா இந்த ஒசரம் இருக்கணும்," என்றது இன்னொரு குரல்.

ஜெரார்ட் கண்ணைத் திறந்தான். முன்வரிசையில் தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவனுக்குப் பயம் போகவில்லை. திசை தெரியாமல் சுற்றிச்சுற்றி வந்தது. திட்டு வாங்கியிருந்தால் கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

இடைவேளையில் தர்மலிங்கம் மேடை ஏறினார். ஒய்.பி.க்கு மாலை போட்டார். மைக்கைத் தட்டினார்.

"பெருமக்களே. பினாங்கில், பால்கனியில் அமர்ந்து நான் கண்ட அதே படம். அதே உயரம். அதே மெலிவு. ஓர் அங்குலம் மாறவில்லை. இதுதான் அகலத்திரை."

சரியாக அப்போது படிக்கட்டில் மூச்சிரைப்புக் கேட்டது. பஸ்ஸில் பார்த்த அந்த அம்மா, இடுப்பில் பிஸ்கட் டின்னோடு ஏறிவந்தார். டின்னில் திணித்திருந்த நோட்டீஸில் மலாயிலும் மண்டபத்தின் பெயர் இருந்திருக்கிறது. தஞ்சோங் டாவாயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

"டோடோல் சாயா மானா?" என்றார், தன் டோடோல் எங்கே என்று.

முனியாண்டி வாயைத் துடைத்துக்கொண்டு, முக்கால்வாசி இருந்த டோடோலை மரியாதையாக நீட்டினார். ஜெரார்ட் தன் டின்னைத் திறந்தான். கண்ணாடி கீறல் இல்லாமல் பளபளத்தது. அவன் சந்தோஷப்படத் தொடங்கி, நடுவில் நின்றான். கீழே மைக்கில் இன்னமும் 'ஓர் அங்குலம்' ஒலித்துக்கொண்டிருந்தது. இதை மாட்டினால் அடுத்த பாதியில் ராஜா சட்டென்று சாதாரண மனிதராகிவிடுவார். அப்போது மைக்கில் பேசியவர் என்னவாவார்? அவர் சட்டைப் பையிலிருக்கும் கடிதம் என்னவாகும்?

"மறைங்கண்ணே. எங்கயாச்சும் வைங்க."

வைப்பதற்குள் தலைவரே மேலே வந்துவிட்டார். ஆப்பரேட்டரைப் பாராட்ட வந்தவர். கண்ணாடியைப் பார்த்தார்.

"என்னா தம்பி இது?"

ஜெரார்ட் காலி டின்னை மூடத் தொடங்கினான். முனியாண்டிதான் நிதானமாகக் கண்ணாடியை மாட்டி, மெஷினை அறையின் சுவர்ப்பக்கம் திருப்பி, நாலு நொடி ஓட்டிக் காட்டினார். சுவரில் ராஜா கன்னமும் தொப்பையுமாக, பார்க்க லட்சணமாக வந்துபோனார்.

"பினாங்குல இந்தக் கண்ணாடி போட்டுத்தானே சார் காட்டிருப்பான்? எழுபத்து மூணுல தோட்டந்தோட்டமா பட வேன் போச்சே, உங்க தோட்டத்துத் திடலுக்கும் வந்துச்சே, நான் அதுல எடுபிடி. எங்ககிட்டதான் கண்ணாடி இல்ல. ஒட்டடைக்குச்சியாத்தான் ஓட்டுனோம். முன்னாடி ரோத்தான் பிரம்பு நாற்காலி போட்டு ஒருத்தர் உக்காந்திருந்தாரு. இருட்டுல மூஞ்சி சரியா தெரியல."

தர்மலிங்கத்தின் நெற்றியில் வேர்வை அரும்பியது. அகலமாக விரிந்தே பழகிய கைகள் தொடையோடு ஒட்டிக்கொண்டன.

"தம்பி," என்றார் ஜெரார்டிடம், ஏறக்குறைய ரகசியமாக. "பாதிப் படம் ஓடிருச்சு. நடுவுல மாத்துனா ஜனங்க கொழம்பிருவாங்க. ஒய்.பி. வேற ரசிச்சுப் பார்க்குறாரு."

"ஆமாங்க சார்."

"இது யாருக்கும் தெரிய வேணாம்."

"தெரியாது சார்."

மேடையில் கொடுக்க வேண்டிய கடிதத்தை அங்கேயே, எண்ணெய்ப் பிசுக்கு மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார். காகிதத்தின் ஓரம் வேர்வையில் நனைந்திருந்தது. ஜெரார்ட் அதை எடுத்து மடித்துச் சட்டைக்குள் வைத்தான்.

கண்ணாடி கழற்றப்பட்டது. மெஷின் மறுபடி திரைப்பக்கம் திரும்பி உறுமியது. ராஜா பழைய உயரத்துக்கு வளர்ந்தார். மண்டபம் நிம்மதியாகக் கைத்தட்டியது. முன்வரிசைப் பின்மண்டை மட்டும் இப்போது ஓயாமல் திரும்பித் திரும்பி, மேலே இந்தச் சதுர ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வந்த அம்மாவும் டோடோலை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். ஏன் எல்லாரும் இப்படி ஒல்லியாக இருக்கிறார்கள் என்று மலாயில் உரக்கக் கேட்டார்.

முன்வரிசையில் தலை வெடுக்கென்று திரும்பியது.

"பழைய காலம் மக்சிக்," என்றார் முனியாண்டி மலாயில். "அப்ப சாப்பாடு ஏது?"